பெட்டியை மறுபடி மாட்டிவிட்டேன், தம்பி

என் வயிற்றில் பிறந்து, என் காடிக்கு வில்லனாகிப் போன மகனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிற பையன் நலமாகத்தான் இருப்பான். இதை உன் கைப்பேசிக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நீலக் கோடு வரும், பதில் வராது. மறுநாள் மத்தியானம் 'பிஸிம்மா' என்று ஒரு சொல் வரும். அதனால்தான் ஊர் படிக்கிற இடத்தில் போடக் கொடுத்துவிட்டேன். கோலாலம்பூரில் உன் ஆபிசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கொண்டுவந்து உன் மேசையில் வைக்கட்டும். அப்போதாவது கடைசி வரி வரைக்கும் படிப்பாய்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் குட்டி மைவி காரின் பின்பக்கத்திலிருந்து நீ கழற்றச் சொன்ன சப்வூஃபர் பெட்டியும், அதை முழங்க வைக்கிற ஆம்ப்ளிஃபையரும் நேற்றோடு திரும்ப ஏறிவிட்டன. என் கையாலேயே ஏற்றினேன். உன் கடைசிச் செய்தியில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். 'அந்தக் காடிய மண்டபத்துக்கு எடுத்துட்டு வராதீங்கம்மா' என்பது ஒன்று. 'மேடையில அப்பா அம்மா எடத்துல அத்தையும் மாமாவும் நிப்பாங்க, நீங்க முன் வரிசையில உக்காந்துக்குங்க' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கும்பிடு பொம்மை வேறு போட்டிருந்தாய். அந்தக் கும்பிடுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. முதல் விஷயத்துக்கு என் பதில் காடியின் பின்பக்கத்தில் திருகாணி போட்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதற்கு வருகிறேன், பொறு.

நான் ஏதோ புத்தி பேதலித்து இந்த வயதில் சவுண்டு சிஸ்டம் மாட்டிக்கொண்டு திரிகிறேன் என்று சொந்தபந்தம் பேசுகிறது. அதற்கு நீயும் தலையாட்டுகிறாய். உன் அப்பா இருந்த காலத்தில் நாம் கமுந்திங்கில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். நான் தகர டின் அடிக்கிற தொழிற்சாலைக்குப் போவேன். அந்த இயந்திரம் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. நாங்கள் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அது அடித்துக்கொண்டே இருக்கும். தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன். அது போகவில்லை, மற்றதெல்லாம் போனது. குருவி போனது, கொலுசு போனது, குக்கர் விசில் போனது. உன் குரலும் போனில் வந்தால் பாதி போனது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினார். கோடு நேராக வந்து, படிக்கட்டில் கால் தவறியவனைப் போல் திடீரென்று கீழே விழுந்திருந்தது. "கீச்சுச் சத்தமெல்லாம் போயிருச்சும்மா. அடிச்சத்தம் நல்லா இருக்கு," என்றார் அந்தப் பெண் டாக்டர், தமிழிலேயே. நல்லா இருப்பது ஒன்றாவது இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்தேன்.

காதுக்கு நீ வாங்கிக் கொடுத்த கருவியை நான் குறை சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டால் மனுஷர் பேசுவது கேட்கிறது. அதற்கு உனக்கு நன்றி, நூறு முறை சொல்வேன். ஆனால் அதில் பாட்டைக் கேட்டுப் பார். யாரோ குசினியில் தட்டுமுட்டுச் சாமான் கழுவுவது போல இருக்கும். பாட்டு என்பதே எனக்கு முடிந்து போயிற்று என்றுதான் சில வருஷம் இருந்தேன். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை, ஏனென்றால் நீ கேட்டதில்லை.

தைப்பூசத்தன்று கோயிலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, உன் பள்ளிக்கூடக் கூட்டாளி தினேஷ் காடியை நிறுத்தினான். புந்தோங்கில் காடிக்கு ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் மாட்டுகிற கடை வைத்திருக்கிறானே, அவன்தான். வாய் மூடாத பயல். "ஏறுங்க ஆன்ட்டி, வெயிலு மண்டைய பொளக்குது," என்றான். ஏறி உட்கார்ந்தேன். அவன் என்னமோ அமுக்கினான். உறுமி வந்தது, தம்பி. காது வழியாக வரவில்லை. இருக்கை வழியாக வந்தது, முதுகெலும்பில் ஏறியது, நெஞ்சாங்கூட்டுக்குள் நின்று உறுமியது. உறுமியின் தோலில் குச்சியை இழுப்பார்களே, அந்த இழுவை கூடத் தனியாகத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். அந்தப் பயல் பயந்துபோய்ச் சத்தத்தைக் குறைக்கப் போனான். அவன் கையிலேயே ஓர் அடி போட்டேன். "கொறைக்காதடா!" என்றேன். அவன் வீட்டு வாசலில் விட வேண்டியவன், புந்தோங்கையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விட்டான்.

மறுநாளே அவன் கடைக்குப் போய், எனக்கும் மாட்டு என்றேன். "ஆன்ட்டி, சின்ன காடி லா. பூட்ல பாதி போயிரும். சாமான் எங்க வைப்பீங்க?" என்றான். "எனக்கென்னடா சாமான்? ஒத்த ஆளு. ஒரு கட்டு கீரை, ஒரு பாக்கெட் ரொட்டி. அத மடியில வச்சுக்குவேன்," என்றேன். அவனுக்குக் கை பரபரத்துவிட்டது. ஈப்போவிலேயே இப்படி ஒரு பெட்டி எவனும் அடிக்க மாட்டான், அடித்தால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னான். கனமான பலகையை அறுத்து, காற்று ஒரு பொட்டு வெளியே போகாதபடி பசை வைத்து, கறுப்புக் கம்பளம் ஒட்டி, நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஸ்பீக்கரை இறக்கினான். ஆம்ப்ளிஃபையரைப் பின்சீட்டின் முதுகில் திருகி வைத்தான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "இந்த ஒயரு எங்க போவுது? இது எதுக்கு?" என்று நான் கேட்ட கேள்வியில் அவன் அன்றைக்கு வேறு வேலையே பார்க்கவில்லை.

நான் ஊரைத் தொல்லை பண்ணுகிற ஆள் இல்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். வீடுகள் இருக்கிற தாமானுக்குள் நுழையும் முன் குறைத்துவிடுவேன். தொழுகை நடக்கிற சூராவ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எதைத் தாண்டினாலும் குறைப்பேன். ஒரு நாள் பெரிய சடக்கில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓர் இளம் போலீஸ்காரர் மீசையை முறுக்காத குறையாக வந்தார். கண்ணாடியை இறக்கினால் சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக நான். "மாக்சிக்?" என்றார். பெரியம்மா, நீங்களா என்று கேட்கிறார். "சாயா பெக்காக், எஞ்சே," என்றேன், எனக்குக் காது கேட்காது ஐயா என்று. அவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பார், சீருடை போட்ட யாரோ ஒருவருக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்தது.

இப்போது பரிசம் போட்ட நாளுக்கு வருகிறேன். நீ அன்றைக்கு நடந்ததை உன் அத்தையிடம் ஒரு மாதிரியும் ஆபிசில் ஒரு மாதிரியும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நடந்தது இதுதான். அதற்கு முதல் நாள் நான் சித்தியவான் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தோட்டத்தை நினைத்து நான் ஏங்குகிறேன் என்று நினைக்காதே. அட்டைக் கடிக்கும் லயத்துக் கக்கூசுக்கும் ஏங்க எனக்கென்ன தலையெழுத்தா? தோட்டம் கைமாறி, ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, கோயிலுக்குக் கரண்டும் இல்லை. உறுமிக் குழு வருவதாக இருந்தது, வரவில்லை. அம்மன் மேளமில்லாமல் எப்படி எழுந்தருளும்? நான் காடியைப் பின்னாலே எடுத்து, கோயிலுக்கு நேராக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். செம்பனைக் காடே அதிர்ந்தது. நாலு ஊரிலிருந்து வந்த பெண்டுகள் எல்லாம் ஆடினோம். எனக்குச் சாமி வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

அந்தச் சத்தம் அப்படியே இருந்துவிட்டது. என் ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. அணைத்து வைத்தாலும் சாவியைத் திருப்பினால் தானாக உயிர் வரும், விட்ட இடத்திலிருந்து, விட்ட சத்தத்தில் பாடும். அதனால் நான் சாவியைத் திருப்பும்போதே இன்னொரு கையின் விரலைப் பித்தானில் வைத்திருப்பேன். மறுநாள் நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யா வீட்டுக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் செய்தேன். உன் காடியிலும் மாமா காடியிலும் ஆட்கள் நிறைந்துவிட்டதால் சீர்வரிசைத் தட்டுகள் என் காடிக்கு வந்தன. பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து, தட்டுகளை அதன் மேல் வைத்தோம். சேலைத் தட்டு, பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் குங்குமக் கிண்ணம் வைத்த தட்டு. உன் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் பாட்டில்லை, பேச்சில்லை. அவளுக்காக அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

பெரிய வீடு, பெரிய வாசல். செட்டிநாட்டுத் தேக்குக் கதவு போட்ட வாசலில் அவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். நான் பின்கதவைத் திறந்தேன். "அண்ணி, நீங்க தட்ட தொடாதீங்க, நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு உன் அத்தை கொசுவத்தைச் சரி செய்யப் போனாள். புருஷன் இல்லாதவள் மங்கலத் தட்டைத் தொடக்கூடாது அல்லவா? நான் தொடவில்லை. வழியில் குலுங்கிக் கிண்ணம் சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மழை தூறியது. சீட்டு நனைந்துவிடும் என்று நீ ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றுவதற்குச் சாவியைத் திருப்பினாய். உன் விரல் பித்தானில் இல்லை.

கோயிலில் விட்ட இடத்திலிருந்து உறுமி எழுந்தது. தட்டுகள் துள்ளின. ஆப்பிள் உருண்டு போய்ச் சம்பந்தி காலடியில் நின்றது. குங்குமக் கிண்ணம் அப்படியே எம்பி என் முகத்தில் கவிழ்ந்தது. நெற்றி, வகிடு, கன்னம், என் வெளிர் சேலை முழுக்கக் குங்குமம். அதன் மேல் மழைத்தூறல். நீ பாட்டை நிறுத்திவிட்டாய், ஆனால் ஊரே நின்றுவிட்டது. உன் அத்தை, "ஐயய்யோ, தொடைங்க அண்ணி! தொடைங்க!" என்று கைக்குட்டையோடு ஓடி வந்தாள். நான் காடியின் பின்கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். உன் அப்பா போனதிலிருந்து அந்த நெற்றியில் திருநீறு தவிர வேறெதுவும் இருந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கையைத் தள்ளிவிட்டேன். துடைக்கவில்லை, தம்பி. துடைக்கத் தோன்றவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இதைக் கவனி. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "மழை வருது, உள்ள வாங்க," என்றார்கள். நித்யா செருப்பில்லாமல் இறங்கி வந்து என்னோடு பழம் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே தலையைத் தூக்கி, என் முகத்துக்கு நேராக மெதுவாக, "அழகா இருக்கீங்க அத்தை," என்றாள். காதில் விழவில்லை, அவள் உதட்டில் படித்தேன். அந்த வீட்டில் யார் முகமும் சுருங்கவில்லை, உன் முகத்தைத் தவிர. திரும்பி வரும்போது என் காடியை நீ ஓட்டினாய். "ஏம்மா இப்படி மானத்த வாங்குறீங்க? ஒடனே தொடச்சிருக்கலாம்ல?" என்று கேட்டாய். பின்சீட்டிலிருந்து உன் அத்தை, "இவங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்," என்றாள். "பக்கத்துலதான இருக்கு, திருப்பு தம்பி, பாத்துட்டே போயிருவோம்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நான் என் தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸில் போயிருந்தபோது, நீ வந்து காடியை சர்வீசுக்கு எடுத்துக்கொண்டு போனாய். பாசமுள்ள பிள்ளை என்று தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டேன். வந்து சாவியைத் திருப்பினால், தகர டப்பாவுக்குள் எறும்பு ஊர்வது போல என்னமோ கீச்சென்றது. பின்கதவைத் திறந்தேன். பெட்டி இல்லை, ஆம்ப் இல்லை, ஓர் ஒயர் இல்லை. அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு புதுப் பிளாஸ்டிக் கூடை. சாமான் வைத்துக்கொள்ளவாம். சத்தம்தான் உனக்குப் பிரச்சினை என்றால் ஒரு பித்தானைத் திருகச் சொல்லியிருப்பாய், நான் திருகியிருப்பேன். குங்குமத்தோடு நின்ற அம்மாவை நாலு பேர் பார்த்துவிட்டார்கள், அவள் வெட்கப்படவும் இல்லை. அதைக் கழற்ற முடியாமல்தானே இதைக் கழற்றினாய்?

நேற்று அந்த நீலக் கூடையையே தூக்கிக்கொண்டு தினேஷ் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பயல் லிஃப்டுக்கு அடியில் ஒளியப் பார்த்தான். "மச்சான்தான் ஆன்ட்டி சொன்னான். நீங்களே கழட்டச் சொன்னீங்கன்னு சொன்னான். விக்கச் சொன்னான், நான் விக்கல, சத்தியமா!" என்று பெட்டியைக் காட்டினான். டயர்களுக்குப் பக்கத்தில் முகத்தைச் சுவருக்குத் திருப்பி நின்றுகொண்டிருந்தது. "கழட்டுனது நீதான?" என்றேன். "ஆமா ஆன்ட்டி." "சரி. மாட்டப்போறது நானு. நீ வாயால சொல்லு, கை வச்ச, தொலைஞ்ச," என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மாட்டினேன், தம்பி. முதலில் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி வைத்தேன். சிவப்பு முனையிலிருந்து தடிமனான கம்பியை எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூசைப் போட்டு, என்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வளையத்துக்குள் நுழைத்தேன். அது நுழைவேனா என்றது. சோப்புத் தண்ணீர் தடவினேன், வழிக்கு வந்தது. கதவடிப் பிளாஸ்டிக்கை நெம்பி, அதற்கடியில் கம்பியைப் பின்னால் வரைக்கும் படுக்க வைத்தேன். பாட்டு வருகிற மெல்லிய ஒயரை அந்தப் பக்கம் விடாமல் எதிர்ப்பக்கமாக விட்டேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறிவிடும். முட்டி வலித்தது, இடுப்பு பிடித்தது, விரலில் தோல் போனது. தினேஷ், "ஆன்ட்டி, நான் செஞ்சா அரை மணி நேரம் லா, உங்கள பாத்துக்கிட்டு இருக்குறதே சூசாவா இருக்கு," என்று அழாத குறையாகக் கெஞ்சினான். "ஒனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா வெளிய போய் நில்லு," என்றேன்.

எல்லாம் முடித்து என்ஜினைப் போட்டு, பாட்டைப் போட்டேன். உறுமி முதுகில் ஏறியது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். திறந்தால் தினேஷ் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். "ஆன்ட்டி, கேக்கலையா? விசிலு அடிக்குது! எண்ணெ பெடல அமுக்க அமுக்க ஏறுது!" எனக்கு எந்த விசிலும் கேட்கவில்லை. ஆம்பிலிருந்து காடியின் உடம்போடு சேர்க்கிற கம்பியை நான் பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டேனாம். அடியில் வெறும் இரும்பு தெரியும் வரைக்கும் சுரண்டிவிட்டுத்தான் முடுக்க வேண்டுமாம். "எனக்குத்தான் கேக்கலியே, இருந்துட்டுப் போவட்டும்," என்று சாவியை எடுக்கப் போனேன். "அப்ப ஒத்தையாவே ஓட்டிக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்றான் அவன். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டா ஒத்தையா? என் மருமவ ஏறுவா," என்று இறங்கினேன். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தில் தலையை விட்டு, இரும்பு பளபளக்கும் வரைக்கும் தேய்த்தேன். மறுபடி முடுக்கினேன். விசில் நின்றுவிட்டதாக அவன் சொன்னான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நித்யாவின் சாமானை அவளைக் கேட்காமல் கழற்றாதே. அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கழற்றவே கழற்றாதே. கழற்றிவிட்டு அந்த இடத்தில் நீலக் கூடை வைக்காதே. திட்டினால்கூடத் தாங்கலாம், அந்தக் கூடையைத் தாங்க முடியாது. அவள் எதற்காவது வாய்விட்டுச் சிரித்தால், யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்காமல் அவளைப் பார். உன் அப்பா அப்படித்தான் பார்ப்பார். நான் தொழிற்சாலைச் சத்தத்தில் பழகி வீட்டிலும் கத்திக் கத்திப் பேசுவேன், லயத்துக்காரி என்று அவர் வீட்டு ஆட்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். அவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு, நல்லாருக்கு," என்பார். உனக்கு அவர் மூக்கு வந்திருக்கிறது. மற்றதும் வந்திருக்கும், தேடிப் பார்.

இனி உன் இரண்டாவது விஷயம். அத்தையும் மாமாவும் நல்லவர்கள், மேடையில் நிற்கட்டும். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வழக்கம் அப்படி என்று எனக்குப் பாடம் எடுக்காதே. உனக்கு அம்மை போட்டு நீ வேப்பிலையில் கிடந்தபோது, அம்மா இடத்தில் வேறு யாராவது உட்காரட்டும் என்று எந்த வழக்கமும் வந்து சொல்லவில்லை. உன் அப்பா போன பிறகு ஈப்போவுக்கு வந்து, பள்ளிக்கூடக் கேண்டீனில் நான் நாசி லெமாக் பொட்டலம் கட்டியபோது என் நெற்றியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் உற்றுப் பார்க்கவில்லை. பந்தல் போட்டு, பூ கட்டி, படம் பிடிக்க ஆள் வந்த பிறகுதான் நான் முன் வரிசைக்காரியாகிவிட்டேனா?

முன் வரிசையில் உட்கார்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தாயா? நாதஸ்வரம் கேட்காது. ஐயர் மந்திரம் கேட்காது. அத்தனை பேர் பேச்சுக்கு நடுவில் இந்தக் காதுக் கருவி வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கும். நீ தாலி கட்டும்போது கெட்டி மேளம் கொட்டுவார்கள். அந்த நேரத்தில் அமங்கலமான சத்தம் எதுவும் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகக் கொட்டுகிற மேளம் அது. அதில் தவிலின் அடி ஒன்றுதான் இனி எனக்கென்று இருக்கிறது, அதுவும் தரை வழியாகத்தான் வரும். மண்டபத்து சிமெந்துத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வராது. மேடை பலகை போட்டது. நேற்று கடையிலிருந்து திரும்பும் வழியில் மண்டபத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் ஏறி நின்று பார்த்தேன். கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு, ஓரத்தில் கையால் தட்டச் சொன்னேன். உள்ளங்காலில் ஏறியது. மணவறைக்குப் பின்னால், உன் இடது தோளுக்கு நேராக நின்றால், என் பிள்ளை தாலி கட்டுகிறான் என்று யாரும் என்னைத் தொட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே கேட்கும்.

அந்த இடம் எனக்கு வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டு வருவேன், துடைக்கச் சொல்லாதே. தரமாட்டேன் என்றால் அழமாட்டேன், சண்டை போடமாட்டேன், யாரிடமும் போய் முறையிடவும் மாட்டேன். மண்டப வாசலில் காடியைப் பின்னாலே எடுத்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஐயர் கையைத் தூக்கியதும் நித்யா எனக்கு ஜாடை காட்டுவாள். அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டாள். அப்புறம் உன் கல்யாணத்துக்கு நான் கொட்டுகிற கெட்டி மேளம் ஈப்போ முழுக்கக் கேட்கும். மேடையா, வாசலா? நீயே சொல்லிவிடு, தம்பி. எங்கே நின்றாலும் நீ தாலி கட்டுகிற சத்தத்தை நான் கேட்டே தீருவேன்.

உன் அம்மா